பரிமாறுதல்

ஜப்பானில் நான் செய்த முதல் தப்பு, தண்ணீரைத் திறந்துவிட்டது.

2019 செப்டம்பர் கடைசி. ஒரு பருவம் மட்டும் அங்கே படிக்கிற பரிமாற்று மாணவனாகப் போயிருந்தேன். ஒகாயாமா நகரத்துக்குக் கொஞ்சம் வெளியே, வயலும் வீடுமாகக் கலந்து கிடக்கும் பகுதியில் ஒரு குடும்பம் என்னைச் சேர்த்துக்கொண்டது. அப்பா, அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண். அந்த அம்மாவை ‘ஒகாசான்’ என்று கூப்பிடச் சொன்னார்கள். அம்மா என்றுதான் அர்த்தம். முதல் நாளே எப்படி இன்னொருத்தரை அம்மா என்று கூப்பிடுவது என்று கூச்சமாக இருந்தது. ‘ஹலோ’ என்றே இரண்டு நாள் ஓட்டினேன்.

முதல் ராத்திரி, குளியல் தயார், நீ முதலில் போ என்றார்கள். தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுச் சுத்தமாகக் குளித்துவிட்டு, அப்புறம்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும் என்று முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதையெல்லாம் சரியாகச் செய்தேன். கழுத்துவரை சுடுதண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். எழுந்தபோது, நல்ல பிள்ளையாக, நான் பயன்படுத்திய தண்ணீரை நானே வெளியேற்றிவிட வேண்டும் என்று அடைப்பானைப் பிடுங்கிவிட்டேன். தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டு ஒகாசான் ஓடி வந்தார். கதவுக்கு வெளியே நின்று ஏதோ சொன்னார், அப்புறம் சிரித்தார். அந்தத் தண்ணீர் எனக்கு மட்டுமில்லை. அதே தண்ணீரில் அடுத்து பாட்டி, அப்புறம் அப்பா, மகள், கடைசியில் ஒகாசான். தொட்டியை மறுபடி நிரப்பினார்கள். பாட்டி அன்றைக்கு வெகுநேரம் விழித்திருக்க வேண்டியதாயிற்று.

எனக்குப் படுக்கையில் தூக்கம் வரவில்லை. தப்பு செய்த வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வேறொரு யோசனை. நான் யார், எந்த ஊர், எந்தத் தெரு, என்ன ஆள் என்று எதுவும் தெரியாது. நான் உட்கார்ந்து எழுந்த தண்ணீரில் அந்த வீட்டின் மூத்த மனுஷி இறங்கத் தயாராக இருந்தார்.

அப்போதுதான் எங்கள் மாட்டுக்கொட்டாயில் தொங்குகிற டம்ளர் ஞாபகம் வந்தது.

*

இண்டூர், தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில் இருக்கிறது. ஒகேனக்கல் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம், பார்த்ததாக நினைவிருக்காது. எங்கள் வீடு ஊருக்குக் கொஞ்சம் தள்ளி, காட்டிலேயே. ராகி, நிலக்கடலை, கிணற்றில் தண்ணீர் இருக்கிற வருஷம் தக்காளி. நாங்கள் ஊரில் எண்ணிக்கையிலும் நிலத்திலும் பலமான சாதி. இதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் இதற்குப் பிறகு நான் எழுதுகிற எதையும் நம்ப வேண்டியதில்லை.

எங்கள் நிலத்தில் வேலை செய்ய ஒரு அக்கா வருவார். ‘அக்கா’ என்று இப்போதுதான் எழுதுகிறேன். என் அம்மாவைவிட மூத்தவர் அவர். சின்ன வயதில் நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், அதுவும் ‘வா’, ‘போ’ என்று. அவர் என்னைச் ‘சாமி’ என்பார். அவருக்கு மாட்டுக்கொட்டாய்த் தூணில் ஆணியடித்து ஒரு சில்வர் டம்ளர் மாட்டியிருந்தது. அதை அவரே எடுத்து, அவரே கழுவி, கையில் பிடிப்பார். பாட்டி மேலேயிருந்து டீயை ஊற்றும். ஒரு சொட்டு சிந்தாது. அந்தக் கைத்திறமையைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீண்டாமை 1950-லேயே அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவால் ஒழிக்கப்பட்டுவிட்டது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். பரீட்சை வேறு, கொட்டாய் வேறு. 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்கிட்டு, எங்கள் மாவட்டத்தில் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. எனக்கு அப்போது பதிமூன்று வயது. எங்கள் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துச் செய்தி பார்த்தார்கள். மறுநாள் அந்த அக்கா வேலைக்கு வரவில்லை. நாலு நாள் கழித்து வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டம்ளர் அதே ஆணியில் இருந்தது.

*

நவம்பரில் ஜப்பானிய மொழி வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். உங்கள் பண்பாட்டின் சிறப்பு எதையாவது எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேச வேண்டும். நான் விருந்தோம்பலை எடுத்துக்கொண்டேன். வேறு எதை எடுப்போம்? திருக்குறளில் அதற்கென்று தனி அதிகாரமே இருக்கிறது, ஒன்பதாவது. வாழையிலை, திண்ணை, வழிப்போக்கனுக்குத் தண்ணீர்ப் பந்தல். படங்களெல்லாம் தயார் செய்தேன்.

என் ஜப்பானியத்தைத் திருத்திக் கொடுக்கச் சமையலறையில் ஒகாசானோடு உட்கார்ந்தேன். அவர் முள்ளங்கி நறுக்கிக்கொண்டே கேட்டார். ஒரு இடத்தில் நிறுத்தி, இலக்கணம் பற்றியில்லை, சும்மா தெரிந்துகொள்வதற்காக ஒரு கேள்வி கேட்டார். “அப்படியென்றால் உங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்களா?”

“ஆமாம்” என்றேன்.

வேற மொழியில பொய் சொல்றது ரொம்ப சுலபம். தமிழில் அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் நாக்கு ஒரு நொடியாவது தடுக்கியிருக்கும். ஜப்பானியத்தில் ‘ஹாய்’ என்று ஒரு அசைதான். “எவ்வளவு அருமை” என்று சொல்லிவிட்டு அவர் முள்ளங்கிக்குத் திரும்பினார். வகுப்பில் கை தட்டினார்கள்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ‘ஆமாம்’தான். பிறரை மதித்து விருந்தோம்புகிறவர்கள் நாங்கள் என்று நான் நம்பியது முழுப் பொய்யா? இல்லையே. என் பாட்டி, முன்பின் தெரியாத ஒகேனக்கல் பயணிகளுக்கு வண்டி ரிப்பேரான நேரத்தில் களி கிண்டிப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதே கைதான் டம்ளரில் உயரத்திலிருந்து டீ ஊற்றியது. இரண்டும் ஒரே மனுஷி. ஒன்று நிஜம், மற்றது வேஷம் என்று பிரித்துவிட முடிந்தால் எவ்வளவு நிம்மதி. பிரிக்க முடியவில்லை.

*

‘விருந்து’ என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் புதுமை என்று பொருள். புதிதாக வருகிறவர் விருந்து. சொந்தக்காரர்கள் பிறகுதான் அந்தச் சொல்லுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். இதை யோசித்தால் பாட்டியின் புதிர் கொஞ்சம் அவிழ்கிறது. ஒகேனக்கல் பயணி புதியவர். அவர் யாரென்று தெரியாது, மறுநாள் இருக்க மாட்டார். அவருக்குச் சோறு போடுவதால் ஊரில் எந்த வரிசையும் கலையாது. அந்த அக்காவோ முப்பது வருஷமாக வருகிறவர். அவர் புதியவர் இல்லை, அதனால் விருந்து இல்லை. சொந்தமும் இல்லை. எங்கள் மொழியில் அவர் உட்கார ஒரு சொல்கூட இல்லை.

ஜப்பானில் நான் விருந்தாக இருந்ததும் அப்படித்தானோ என்று சந்தேகம் வந்தது. மார்ச்சில் திரும்பிப் போய்விடுகிறவனை வரவேற்பதில் சிரமம் என்ன? இம்மானுவேல் காண்ட் 1795-இல் நிரந்தர அமைதி பற்றி எழுதிய கட்டுரையில் இந்தக் கோட்டைத் தெளிவாகவே போடுகிறார். வேற்று மண்ணில் கால் வைக்கிறவன் பகைவனாக நடத்தப்படாமலிருப்பது அவனுடைய உரிமை, யாரும் போடுகிற தர்மம் இல்லை என்கிறார். ஆனால் அது வந்து பார்க்கிற உரிமைதான். வீட்டோடு ஒருவனாகத் தங்குகிற உரிமை இல்லை. அதற்குத் தனியாக ஒரு ஒப்பந்தம் வேண்டும். காண்ட் சொல்வது நாடுகளுக்கு இடையில். ஒரே ஊருக்குள், ஒரே காட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு இடையில் அந்த ஒப்பந்தம் எப்படி இருக்கும்?

ஒகாயாமா வீட்டில் அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். டிசம்பர் நடுவில் ஒரு நாள், “பாட்டி முதலில் போகட்டும், நீ அப்பாவுக்குப் பிறகு” என்றார் ஒகாசான். எனக்குச் சுருக்கென்றது. என்ன தப்பு செய்தேன் என்று மனசுக்குள் தேடினேன். இரண்டு நாள் கழித்துதான் புரிந்தது. நான் விருந்தாளி இடத்திலிருந்து இறக்கப்பட்டிருக்கிறேன், அதாவது வீட்டுக்குள் ஏற்றப்பட்டிருக்கிறேன். அதற்குள் எனக்கு வேலைகளும் வந்திருந்தன. எரிகிற குப்பை, எரியாத குப்பை, பிளாஸ்டிக் என்று பிரித்து அதனதன் நாளில் கொண்டு போய் வைப்பது என் பொறுப்பு. பிளாஸ்டிக் பாட்டிலின் லேபிளைக் கிழிக்காமல் வைத்ததற்குப் பாட்டி திட்டியது. கிளம்பும்போது அவர்கள் சொல்கிற ‘இத்தெகிமாஸ்’ என்ற வார்த்தையைப் பிரித்துப் பார்த்தால் அது ‘போயிட்டு வர்றேன்’தான். நம்மைப் போலவே அவர்களும் வெறுமனே ‘போறேன்’ என்று சொல்வதில்லை. திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து யாராவது “வந்துட்டியா” என்று குரல் கொடுப்பார்கள்.

ஆக, உபசாரம் நின்று, வேலை வந்து, திட்டு விழ ஆரம்பித்தால் ஒருவன் வீட்டு ஆள் ஆகிவிடுகிறான் என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். நல்ல கண்டுபிடிப்பு என்று பெருமையாகவும் இருந்தது. அன்று ராத்திரியே அது உடைந்தது. அந்த அக்கா முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிறார். திட்டும் வாங்குகிறார். உபசாரம் எதுவும் கிடையாது. என் கணக்குப்படி அவர்தான் எங்கள் வீட்டில் முதல் ஆளாக இருக்க வேண்டும்.

கணக்கில் எதையோ விட்டிருந்தேன்.

*

ஜப்பானை நான் உயர்த்திப் பிடிப்பதாகத் தோன்றலாம். அதனால் இதையும் சொல்ல வேண்டும்.

ஜனவரியில் நூலகத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கான உள்ளூர் வரலாற்றுப் புத்தகம் ஒன்றை மொழிப் பயிற்சிக்காகப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ‘ஷிபுஸோமே இக்கி’ என்று ஒரு பாடம். ஒகாயாமா சிற்றரசு 1855-இல் ஒரு ஆணை போட்டது. தீண்டத்தகாதவர்களாக வைக்கப்பட்டிருந்த மக்கள் இனிப் புதிதாகத் துணி எடுத்தால், பூவேலை, சித்திரம் எதுவும் இல்லாமல், பழுக்காத சீமைப்பனிச்சைச் சாற்றில் தோய்த்த வெறும் துணியோ வெறும் நீலத் துணியோதான் உடுத்த வேண்டும். அந்த மக்கள் மனு எழுதினார்கள். மனு தள்ளுபடியானது. 1856-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒன்றுதிரண்டு போய் நின்றார்கள். ஆணை நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் தலைமை தாங்கியவர்கள் சிறையில் போடப்பட்டார்கள், அவர்களில் சிலர் சிறையிலேயே செத்தார்கள்.

வாசித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கிட்டத்தட்ட அதே வருஷங்களில், இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கிற தென்திருவிதாங்கூரில், சாணார் பெண்கள் மேலாடை போடும் உரிமைக்காக அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1859-இல்தான் மன்னர் ஆணை வந்தது. துணியின் வழியாக ஒருவரை இன்னார் என்று அடையாளப்படுத்தும் யோசனை, ஒருவரையொருவர் அறியாத இரண்டு நாடுகளுக்கும் தோன்றியிருக்கிறது. ஜப்பானில் 1871-இல் சட்டம் அந்த இழிபெயர்களை நீக்கியது. ஆனால் 1922-இல் கியோட்டோவில் ‘சுயிஹெய்ஷா’ என்ற அமைப்பை அந்த மக்களே தொடங்க வேண்டியிருந்தது. சமன் செய்கிறவர்களின் சங்கம் என்று சொல்லலாம். சட்டம் போட்டு ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் கல்யாணத்திலும் வேலையிலும் பூர்விக ஊரை விசாரிக்கிற பழக்கம் போகவில்லை.

அன்று இரவு சாப்பாட்டில் வீட்டு அப்பாவிடம் கேட்டேன். அவர் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அது பழைய காலத்துக் கதை” என்றார். ஒகாசான் எனக்கு இன்னொரு கிண்ணம் சோறு வைக்கவா என்று கேட்டார்.

அந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பழக்கமானது. என் அப்பா சொல்வது: “அதெல்லாம் அந்தக் காலம்டா.” அந்த நொடியில் எனக்குக் கோபமோ ஏமாற்றமோ வரவில்லை, விநோதமாக ஒரு நெருக்கம் வந்தது. என் குளித்த தண்ணீரில் தயங்காமல் இறங்கியவர்கள்தான் இவர்கள். இந்த வீட்டுக்குள்ளும் பேசக்கூடாத ஒன்று இருக்கிறது. தூரத்திலிருந்து வந்த என்னிடம் அவர்கள் காட்டிய அன்பு நிஜம். ஆனால் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் அவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. பாட்டியின் களியும் அப்படித்தான் சாட்சி ஆகவில்லை.

*

தகேயோ தோய் என்ற ஜப்பானிய மனநல மருத்துவர் 1971-இல் ‘அமாயெ’ பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இன்னொருவர் நம்மைத் தாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கையில் அவர்மேல் சாய்வது, செல்லம் கொண்டாடுவது என்று அமாயெவை விளக்கலாம். அதில் அவர் தன் அனுபவம் ஒன்றைச் சொல்கிறார். முதல் முறை அமெரிக்கா போனபோது ஒரு வீட்டில், பசிக்கிறதா, ஐஸ்கிரீம் இருக்கிறது என்றார்கள். அவருக்குப் பசி. ஆனாலும் மரியாதைக்கு இல்லை என்றார். இன்னொரு தடவை கேட்பார்கள் என்று காத்திருந்தார். அவர்கள் கேட்கவேயில்லை.

இதைப் படித்துச் சிரித்தேன். நம்ம ஊர்லயும் முதல் தடவை கேட்டதும் யாரும் ‘சரி’ன்னு சொல்ல மாட்டோம். மூன்றாவது தடவைதான் தட்டு நம் பக்கம் வரும். ஆனால் எல்லா ‘வேண்டாம்’களும் ஒன்றா? என் ‘வேண்டாம்’, மறுபடி கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் பிறப்பது. அந்த அக்காவிடம் அம்மா எப்போதாவது, “கொஞ்சம் சோறு சாப்டுறியா” என்று கேட்டால், “வேண்டாங்க” என்பார். அது மரியாதை இல்லை, தற்காப்பு. வாங்கிக்கொண்டால், எங்கே உட்கார்ந்து, எதில் சாப்பிட வேண்டும் என்ற கேள்வி எழும். வேண்டாம் என்றால் அது எழாது.

2020 மார்ச் நடுவில் ஊர் திரும்பினேன். கொரோனா. வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்பதால் 14 நாள் தனியாக இருக்கச் சொன்னார்கள். கொட்டாயை ஒட்டிய அறையில் என்னை வைத்தார்கள். எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர். அம்மா சாப்பாட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்ளும். தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றும். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அந்த அக்கா மாட்டுக்குத் தட்டுப் போட வந்தவர், என்னையும் டம்ளரையும் பார்த்து நின்றார்.

“என்னா சாமி, உனக்கும் தனி டம்ளரா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது. என்னுடையது 14 நாள், என் நன்மைக்காக, முடிவுத் தேதியோடு. அவருடையதற்குத் தேதியே இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்து நான் பேசினால் அது இன்னொரு பொய். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒரு நாள் கூலிப் பணம் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். வாழ்நாளில் முதல் தடவை. எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். “டீ குடிப்பியா சாமி, எங்க ஊட்டுல?” என்றார். நான், “வேண்டாங்கா, இப்பதான் குடிச்சேன்” என்றேன். அனிச்சையாக வந்த வார்த்தை. மரியாதைக்குச் சொன்னது. மறுபடி கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் “அப்படியா” என்றார். அவ்வளவுதான். எங்கள் சாதிக்காரன் ஒருவன் அவர் வாசலில் நின்று வேண்டாம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை இரண்டாம் தடவை கேட்டு உறுதி செய்துகொள்ள அவருக்கு என்ன தேவை?

திரும்பி நடக்கும்போதுதான் என் கணக்கில் விட்டுப்போனது எதுவென்று தெரிந்தது. நான் இத்தனை நாளும், அவரை எங்கள் வீட்டுக்குள் விடலாமா, எங்கள் பாத்திரத்தில் கொடுக்கலாமா என்றே யோசித்திருந்தேன். கொடுக்கிற இடத்திலிருந்து என் நல்லெண்ணம்கூட நகரவில்லை. அவர் கையால் வாங்குவது என்பது என் யோசனையிலேயே இல்லை. தமிழில் சோறு போடுவதும் பரிமாறுவதுதான், ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதும் பரிமாற்றம்தான். ஒரு பக்கம் மட்டுமே காலகாலமாகக் கொடுத்து, மறு பக்கம் எப்போதும் வாங்கிக்கொண்டிருந்தால் அது பரிமாறுதல் இல்லை, படியளத்தல். நான் ஆறு மாதம் பரிமாற்று மாணவன் என்று அட்டை மாட்டிக்கொண்டு திரிந்தேன். ஊரில் அந்தப் பாடத்தை ஆரம்பிக்கவே இல்லை.

அடுத்த வாரம் நானே போய், “அக்கா, டீ இருக்கா?” என்று கேட்டேன். கொடுத்தார். குடித்தேன். இதைச் சாதனையாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்ததும், அவர் ஒருமுறை தெருவைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. நான் குடித்த டீக்கு ஊரில் யாராவது விலை கேட்டால் அதைக் கொடுக்கப் போகிறவர் அவர்தான், நான் இல்லை. என் மனச்சாட்சியைக் கழுவிக்கொள்ள அவர் வீட்டுத் தண்ணீரைப் பயன்படுத்துகிறேனோ என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. ஆனால் அதற்காகப் போகாமலிருப்பது அதைவிடச் சரியானது என்றும் தோன்றவில்லை. போகிறேன்.

கொட்டாயில் இப்போது டம்ளர் இல்லை. ஆணி இருக்கிறது. அம்மா பேப்பர் கப் வாங்கி வைத்திருக்கிறது. “வேலைக்கு வர்ற எல்லாருக்கும் ஒரே கப்பு, வித்தியாசமே கெடையாது” என்கிறார் அப்பா. நிஜம்தான். நாங்கள் மட்டும் சில்வர் டம்ளரில் குடிக்கிறோம். இதைச் சொன்ன அன்று எனக்கும் அவருக்கும் பேச்சு நின்றுபோனது. பிறகு தக்காளி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

ஒகாசான் வருஷா வருஷம் புத்தாண்டுக்கு அட்டை அனுப்புகிறார். போன தடவை, இண்டூருக்கு வர வேண்டும், உன் பாட்டியின் களியைச் சாப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தார். பாட்டி இப்போது இல்லை. களி கிண்ட அம்மா இருக்கிறது. அவர் வந்தால் எங்கள் வீட்டில் எவ்வளவு அமர்க்களம் நடக்கும் என்று தெரியும். அவர் சமையலறைவரை போவார், என் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொள்ளும். அப்போது கொட்டாய்ப் பக்கம் அந்த அக்கா பேப்பர் கப்போடு நின்றுகொண்டிருப்பார்.

அதனால் அவர் கிளம்புவதற்கு முன்பாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘சேரி’ என்ற சொல்லுக்கு ஜப்பானியத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பாதியில் நிற்கிறது. முதல் வரி மட்டும் சரியாக வந்திருக்கிறது. அன்றைக்கு நீங்கள் முள்ளங்கி நறுக்கிக்கொண்டு கேட்ட கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை.